அடுத்த வீட்டுக்காரன் ஏன் கத்தினான்?

ஃபெர்ரியின் கம்பிக் கதவு மூடிக்கொண்டிருந்தது. காஸ்டா தன் பெருத்த உடம்பைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் வலது காலை மட்டும் உள்ளே அனுப்பினான்.

"ஐயோ, கால்! என் கால்!"

படகு ஊழியர் பதறிப்போய்க் கதவைத் திறந்தார். அந்த இடைவெளியில் இல்மா ட்ரெலோர் குனிந்து, காஸ்டாவின் அக்குளுக்கடியில் புகுந்து, படகுக்குள் போய் உட்கார்ந்தேவிட்டாள்.

"கால் எப்படி இருக்கு சார்?" என்றார் ஊழியர், கதவைப் பிடித்துக்கொண்டே.

"இப்போ தேவலை. உங்க கதவு எப்படி இருக்கு?"

படகு கிளம்பியது. நியூகாசில் கரை பின்னால் நகர்ந்தது. எதிரே ஸ்டாக்டன். டிசம்பர்தான் அங்கே கோடை உச்சம்; வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் குத்தியது.

"மத்தியானம் பன்னிரண்டுக்கு நெரிடாவுக்கு ஊசி" என்றாள் இல்மா, இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே. "அதுக்குள்ள போய், பேசி, திரும்பணும்."

"பேசறதுன்னா நீங்க பேசறது. மிரட்டறதுன்னா நான். தெரியும் பாஸ்."

இல்மா இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள். இப்போது சொந்தமாகப் பிடிக்கிறாள். காஸ்டா வ்ரெட்டோஸ் டாக்சி ஓட்டியவன். ஒருநாள் இல்மா அவன் வண்டியில் ஏறி, முன்னால் போன நீலக் காரைக் காட்டி, 'விடாதே' என்றாள். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் நெரிடா பாஸ்கோ. மெரிவெதர் கடல் குளத்தில் விடிகாலையில் இல்மாவோடு நீந்துகிறவள். தொழில், பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. இருந்தும் இடது நுரையீரலில் கட்டி. நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. 'சின்னக் கட்டி, முழுசா எடுத்தாச்சு' என்றார் டாக்டர். எல்லோரும் கேக் வெட்டினார்கள்.

அப்புறம் வந்தது ஜீன் பரிசோதனை. எண்பத்தொன்று.

ஐம்பதுதான் கோடு. கோட்டுக்குக் கீழே என்றால் கட்டி திரும்பி வரும் பயம் குறைவு, மருந்தில்லாமலே கண்காணிக்கலாம். மேலே என்றால் பலமான மருந்து. அந்த மருந்து உயிரைக் காப்பாற்றலாம். கூடவே காதையும் தின்னும். முதலில் போவது மேல் ஸ்தாயி, மெல்லிய சத்தங்கள். நெரிடாவுக்குச் சோறு போடுவதே அந்த மெல்லிய சத்தங்கள்தான்.

போன வாரம், தண்ணீரில் இறங்க முடியாமல் குளக்கரையில் நின்று, அவள் சொன்னது இல்மாவின் காதில் அப்படியே இருந்தது.

"மருந்துக்குப் பயந்து உன்கிட்ட வரல, இல்மா. சாவுக்கும் அவ்வளவு பயமில்ல. ஆனா எவனோ ஒரு எண்ணைச் சொன்னான்னு காதைக் கழட்டிக் குடுத்துட மாட்டேன். கோர்ட்ல சாட்சி சொன்னா குறுக்கு விசாரணை உண்டில்ல? இந்த எண்ணை யாரு விசாரிச்சா? நீ விசாரி. ஊசிக் குழாயைத் திறக்கற நிமிஷம் வரைக்கும் உனக்கு அவகாசம். அது பொய்னு காட்ட முடியலேன்னா ஏத்திக்கறேன். நான் பைத்தியக்காரி இல்ல."

காஸ்டா படகின் தடுப்பில் சாய்ந்துகொண்டான். "பாஸ், நேத்து பூரா அந்தச் சிவப்புப் பச்சைப் படத்தையே முறைச்சுக்கிட்டு இருந்தீங்க. டாக்சி டிரைவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

நெரிடா தன் பரிசோதனையின் மூலப் படத்தைச் சண்டை போட்டு ஆய்வகத்திலிருந்து வாங்கியிருந்தாள். இல்மா அதைக் கைபேசியில் திறந்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜீன்.

"உன் உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் உள்ளே இருக்கற ஜீன் கூட்டம் ஒண்ணுதான். ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வாயைத் திறக்காது. கல்லீரல்ல கத்தறது நுரையீரல்ல கம்முனு கிடக்கும். ஒரு கட்டியில எது கத்துது, எவ்வளவு சத்தமா கத்துதுன்னு அளந்தா, அது சாதுவா ரவுடியான்னு ஓரளவு சொல்லிடலாம். கத்தினா சிவப்பு. கம்முனு இருந்தா பச்சை."

"எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி. எங்க பெரியம்மா எப்பவும் சிவப்பு."

"இங்க பாரு. முதல் வரிசை நெரிடாவோட கட்டி. மூச்சுமுட்டினா கத்தற ஜீன், ஆபத்துன்னா கத்தற ஜீன், எல்லாம் தொண்டை கிழியக் கத்தியிருக்கு."

"அப்போ ரவுடிதானே? கேஸ் முடிஞ்சுது. திரும்பிப் போலாமா?"

"ரெண்டாவது வரிசையைப் பாரு. அது கட்டி இல்ல. ஆபரேஷன்ல ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பக்கத்துல இருக்கற நல்ல நுரையீரல்லயும் ஒரு துண்டு எடுப்பாங்க. அடுத்த வீட்டுக்காரன்னு வெச்சுக்கோ. எந்த வம்புக்கும் போகாதவன்."

காஸ்டா பார்த்தான். இரண்டாவது வரிசையும் சிவந்து கிடந்தது.

"ரவுடி கத்தினான், சரி" என்றாள் இல்மா. "அடுத்த வீட்டுக்காரன் ஏன் கத்தினான்?"

காஸ்டா தாடையைச் சொறிந்தான். "தெருவே பத்திக்கிச்சோ?"

இல்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பாராட்டுவது இவ்வளவுதான்.

"அதேதான். உடம்பை விட்டு வெளியே வந்த சதைக்கு ரத்தமில்ல, மூச்சில்ல. ஐஸ்லயே வெச்சிருந்தா தூங்கிடும். வெளிய வெச்சா, தவிச்சுத் தவிச்சுக் கத்தும். நல்லதும் கத்தும், கெட்டதும் கத்தும். இவங்க அளந்தது கட்டியோட குணத்தை இல்ல. மேஜையில கிடந்து அது பட்ட பாட்டை."

"அப்போ ஐஸ் வெக்கல."

"அங்கதான் முட்டுது. ஐஸ் வெக்கறது அவங்க தினசரி வேலை. பல் தேய்க்கற மாதிரி. அந்த ஒரு நாள் மட்டும் எப்படி மறந்தாங்க? நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை அப்படி என்ன விசேஷம்?"

காஸ்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். "பாஸ், நீங்க இந்த நாட்டுலதானே குடியிருக்கீங்க?"

"ஏன்?"

"முதல் செவ்வாய்! நாடே பாக்கற கப் குதிரை ரேஸ்! மத்தியானம் மூணு மணிக்கு இந்த நாட்டுல திருடன்கூடத் திருடமாட்டான். டி.வி. முன்னால நிப்பான். நான் ஒரு குதிரையை நம்பினேன் பாருங்க, அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

இல்மா, பந்தயத்தைப் பாவம் என்று ஒதுக்கும் மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவள். குதிரை என்றால் அவளுக்கு வண்டி இழுப்பது. ஒரு வாரமாகத் தேடிய சாவியை இவன் மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மிட்டாயைக் கடித்து நொறுக்கினாள்.

"ஆபரேஷன் மத்தியானம் முடிஞ்சது. துண்டுகள் இதே படகுல, ஐஸ் பெட்டியில வந்திருக்கு. ஆய்வகத்துல வந்து இறங்கினப்போ..."

"குதிரையெல்லாம் ரேஸ் தொடங்கற கூண்டுக்குள்ள ஏறிக்கிட்டிருந்திருக்கும்" என்றான் காஸ்டா.

படகு ஸ்டாக்டன் துறையில் முட்டியது.

*

ஆய்வகத் தலைவர் டாக்டர் லோரிமர் நெட்டையானவர். முகத்தில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு மடிப்புக்கூட இல்லை.

"எங்க ஆய்வகத்துல தப்பு நடக்க வாய்ப்பே இல்லை, மேடம்."

"அப்புறம் ஏன் வேர்க்குது? ஏசி ஓடுதே."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. கேள்வி கேக்கறவ. அந்த எண்பத்தொண்ணை மறுபடி ஒருதரம் பாப்பீங்களா?"

"சோதனை முடிஞ்சது. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"சரி" என்று இல்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "ஒரு டீயாவது கிடைக்குமா?"

வேண்டாத விருந்தாளிக்குக்கூட இந்த ஊரில் டீ இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. லோரிமர் எழுந்தார். அதற்குள் காஸ்டா எழுந்துவிட்டான்.

"உக்காருங்க டாக்டர், நான் போட்டுக் கொண்டாறேன். பால் ஃப்ரிட்ஜ்லதானே?"

லோரிமரின் முகத்தில் முதல் மடிப்பு விழுந்தது. "ஃப்ரிட்ஜ்... இல்ல, நானே..."

காஸ்டா நடைபாதையின் கோடியில் இருந்த டீ அறைக்குள் மறைந்தான். திரும்பி வந்தபோது ஒரு கையில் பிஸ்கட். மறு கையில், ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு புகைப்படம். டீ இல்லை.

"பாஸ், பால் தீந்துபோச்சு. இது கிடைச்சுது."

கப் தினத்தன்று எடுத்த படம். ஆய்வகத்தார் எல்லோரும் தலையில் கோமாளித் தொப்பிகளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் டி.வி.யில், முடிந்த ரேஸின் மறுகாட்சியில், குதிரைகள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. நடுவில் லோரிமர். தலையில் பஞ்சு அடைத்த ரோஸ் நிறப் பறவை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. மார்பில் தொப்பிப் போட்டியின் முதல் பரிசு ரிப்பன்.

அவர் காலடியில் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டி. பக்கவாட்டில் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள்: மனிதத் திசு, ஐஸை விட்டு எடுக்காதே. பெட்டிக்குள் நிறைய ஐஸ். ஐஸுக்குள்ளிருந்து தங்கத் தாள் சுற்றிய மூன்று ஷாம்பெய்ன் பாட்டில் கழுத்துகள் எட்டிப் பார்த்தன.

"பாட்டில் நல்லாக் குளுந்திருக்கு பாஸ்" என்றான் காஸ்டா. "சதைதான் பாவம், ரேஸ் பாக்காம வெளிய நின்னிருக்கு."

இல்மா படத்தை மேஜையில் வைத்து லோரிமர் பக்கம் தள்ளினாள். "தலையில இருக்கற பறவை ரொம்ப அழகு, டாக்டர். கால்கிட்ட இருக்கற பெட்டி யாரோடது?"

லோரிமர் உட்கார்ந்தார். இஸ்திரி முழுக்கக் கலைந்துபோனது.

"அன்னைக்கு டீ ரூம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு" என்றார் மெதுவாக. "பாட்டிலெல்லாம் வெதுவெதுன்னு இருந்தது. பெட்டி அப்போதான் வந்து இறங்கிச்சு. ரேஸ் மூணு நிமிஷம்தானே, சதைத் துண்டு இருந்த குப்பிகளை வெளிய வெச்சுட்டு ஐஸை மட்டும் கடன் வாங்கிக்கலாம்னு... நான்தான் எடுத்துட்டுப் போனேன். வேற யாரையும் சொல்லாதீங்க. ரேஸ் முடிஞ்சுது. அப்புறம் தொப்பிப் பரிசு. அப்புறம் கேக். திரும்பி வந்து பாத்தப்போ குப்பி ரெண்டும் ஜன்னல் வெயில்ல இருந்தது."

"உங்க தொப்பிக்குப் பரிசு. அவங்க காதுக்கு அபராதம்" என்றான் காஸ்டா.

இல்மா எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் காஸ்டா ஓரடி தள்ளி நிற்பான். "ஒரு பொம்பளையோட காதை வாங்கற மருந்துக்கு, பொய்னு தெரிஞ்சே ஒரு எண்ணை அனுப்பினீங்க. வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"இல்ல!"

லோரிமரும் எழுந்துவிட்டார். இப்போது அவர் முகத்தில் பயம் இல்லை. அவமானத்தை மீறிய ஒரு கோபம்.

"ஐஸ் பெட்டியை மறைச்சேன். ஒத்துக்கறேன். ஆனா எண்ணை மறைக்கல. ஆபரேஷன் தியேட்டர்லயே கட்டியோட இன்னொரு துண்டைப் பதப்படுத்தற திரவத்துல போட்டு அனுப்புவாங்க. அதுக்கு ஐஸ் தேவையில்ல. நல்ல நுரையீரல் வரிசையும் சிவந்திருக்கறதை நானும் பாத்தேன், மேடம். எண்பத்தொண்ணு போன மறு வாரமே அந்தத் துண்டை எடுத்து மறுபடி சோதிச்சேன். சரியான எண் கிடைச்சுது. அறுவை டாக்டர் ஆபீஸுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொன்னேன். பழசைத் தூக்கிப் போடுங்க, இதுதான் சரின்னு."

காஸ்டாவின் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது.

"எழுத்துல அனுப்பினீங்களா?" என்றாள் இல்மா.

அவர் தலை குனிந்தார். "எழுத்துல அனுப்பினா, எதுக்கு ரெண்டாம் தடவைன்னு எழுதணும். பெட்டிக் கதையை எழுதணும். வாயால சொன்னாப் போதும்னு நெனச்சேன்."

"யாரு ஃபோனை எடுத்தா?"

"முன் மேஜையில இருக்கற அம்மா. எண்ணைத் திருப்பிச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், 'வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?'ன்னு கேட்டாங்க. இல்லேன்னேன். 'அப்போ நான் பாத்துக்கறேன்'னாங்க."

இல்மா கைபேசியை எடுத்து நெரிடாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். நான்காவது மணியில் ஒரு பெண் குரல்.

"நெரிடாவோட ஃபோன். நான் தங்கச்சி எல்ஸ்பெத் பேசறேன்."

"எல்ஸ்பெத், நான் இல்மா. ஊசியை நிறுத்தச் சொல்லுங்க. எண்பத்தொண்ணு தப்பு. ரெண்டாவதா ஒரு எண் இருக்கு. நெரிடாகிட்ட குடுங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா கண்ணை மூடிட்டிருக்கா. நான் பாத்துக்கறேன்."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

லோரிமர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் குரல்தான்" என்றார். "அன்னைக்கு ஃபோன் எடுத்தது இவங்கதான்."

"தங்கச்சி ஏதோ டாக்டர் ஆபீஸ்ல மேஜை வேலைன்னு நெரிடா சொன்னாங்க" என்றான் காஸ்டா. "எந்த டாக்டர்னு நாம கேக்கவே இல்லையே பாஸ்!"

*

மூன்று பேருமாக ஓடினார்கள். படகில் ஏறியதும் காஸ்டா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டான். உள்ளேயிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது.

"வரிசையில மூணாவது இடமாம் நாம. ரேஸா இருந்தா காசு வந்திருக்கும்."

பாதித் துறைமுகத்தில் படகு நின்றுவிட்டது. நிலக்கரி ஏற்ற வந்த கப்பல் ஒன்று, இழுவைப் படகுகள் புடைசூழ, பெண்ணழைப்பு ஊர்வலம் போல அசைந்து அசைந்து குறுக்கே போனது. கைதட்டினால் கப்பல் நகராது. காஸ்டா தட்டிப் பார்த்தான்.

பிறகு லோரிமர் பக்கம் திரும்பினான். "டாக்டர், அந்த ரெண்டாவது எண். கூடவா குறைவா? சொல்ல வேண்டாம். சும்மா கண்ணைச் சிமிட்டுங்க."

"அது நெரிடா பாஸ்கோவோட எண். அவங்க அனுமதி இல்லாம என் வாயில வராது."

"இவ்வளவு நேர்மையை இத்தனை நாளா எந்த ஐஸ் பெட்டியில வெச்சிருந்தீங்க?"

லோரிமர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்மா எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கப்பலின் நீண்ட சிவப்பு வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் காதைக் காப்பாற்றக்கூடிய செய்தியை ஒரு தங்கை ஏன் விழுங்குவாள்? சொத்து இல்லை. பகை இல்லை. நெரிடாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தவளே எல்ஸ்பெத்தான்.

துறையில் காஸ்டாவின் பழைய டாக்சி காத்திருந்தது. மலைச் சரிவில் அது ஏறிய வேகத்தில் லோரிமர் கடவுளை இரண்டு தரம் கூப்பிட்டார்.

"காஸ்டா, அது சிவப்பு விளக்கு!" என்றாள் இல்மா.

"சும்மா கத்துதுன்னு நெனச்சேன் பாஸ்!"

*

மருந்தேற்றும் அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. கிறிஸ்துமஸுக்காக நர்ஸ் தலையில் பொம்மைக் கலைமான் கொம்பு. ஜன்னலோரம் நெரிடா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தியாகிவிட்டது. மேலே பை தொங்கியது. நர்ஸின் விரல் குழாயின் திருகில் இருந்தது.

"காஸ்டா" என்றாள் நெரிடா, கண்ணைத் திறக்காமலே. "உன் வலது ஷூ கிறீச்சிடுது. எஃப் ஷார்ப் சுரம். ஓடியா வந்த?"

"திருகாதீங்க!" என்று காஸ்டா நர்ஸைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினான். நான்கு நோயாளிகள் விழித்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்ஸ்பெத் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அக்காவின் அதே மூக்கு. அக்காவைவிடப் பத்து வயது கூடின மாதிரிக் களைப்பு.

"நெரிடா, உன் ஃபோன் எங்கே?" என்றாள் இல்மா.

"சார்ஜ் போயிடுச்சுன்னு எல்ஸி சொன்னா. ஏன்?"

இல்மா ஒரே மூச்சில் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரன், குதிரை, பறவைத் தொப்பி, இரண்டாம் சோதனை, வந்த ஃபோன். லோரிமர் நடுவில் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. நெரிடா மெல்லத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள்.

"நீயா எடுத்த?"

"ஆமா. நான்தான்." எல்ஸ்பெத்தின் மோவாய் நிமிர்ந்தது. "என்ன இப்போ? அப்பாவோட கட்டிக்கு என்ன சொன்னாங்க? 'சின்னதுதான், வீட்டுக்குப் போய்ப் படகு ஓட்டுங்க'ன்னாங்க. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அப்பா இல்ல. செவிட்டு அக்கா எனக்குப் போதும். செத்த அக்கா வேண்டாம்."

"செவிட்டு நெரிடா வேணுமா வேண்டாமான்னு நெரிடாவைக் கேட்டியாடி?"

"கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. உன் திமிர் எனக்குத் தெரியாதா?"

"திமிர்தான். அது என் திமிர். அதுலயும் உனக்குப் பங்கு கிடையாது."

எல்ஸ்பெத்தின் கண் நிறைந்தது. ஆனால் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. இரண்டு பேரும் ஒரே மரத்துக் கட்டை.

நெரிடா நிமிர்ந்து உட்கார்ந்தாள். லோரிமரைப் பார்த்து விரலால் சொடுக்கினாள்.

"வாங்க டாக்டர். இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. என் அனுமதி குடுத்தாச்சு. ஆனா ஒண்ணு. எந்த எண்ணா இருந்தாலும் அது சாட்சிதான். நீதிபதி நான்."

லோரிமர் தொண்டையைச் செருமினார்.

"ஐம்பது."

"கோடு எது?"

"அதுவும் ஐம்பதுதான்."

காஸ்டா தலையில் கை வைத்துக்கொண்டான். "ஃபோட்டோ ஃபினிஷ்! ரெண்டு குதிரை மூக்கும் ஒண்ணா வந்து நிக்குது!"

"கோட்டு மேலயே விழுந்தா சோதனையால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் லோரிமர். "மருந்து வேணும்னும் சொல்லாது. வேண்டாம்னும் சொல்லாது. வயசு, உடம்பு, உங்க விருப்பம், இதையெல்லாம் வெச்சு நீங்களும் டாக்டரும் பேசித்தான்..."

"அப்போ" என்றாள் நர்ஸ், திருகிலிருந்து விரலை எடுக்காமல், "ஆரம்பிக்கவா, வேண்டாமா?"

எல்லோரும் நெரிடாவைப் பார்த்தார்கள். அவள் தலைக்கு மேல் தொங்கிய பையைப் பார்த்தாள். நிதானமாக, சுருதி விலகிய ஒரு கம்பியைக் கண்டுபிடித்தவள் போல.

"இறக்கு இதை" என்றாள். "எண்பத்தொண்ணுன்னு சொன்னப்போ டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன். காதைப் பெரும்பாலும் விட்டுவெக்கற இன்னொரு மருந்து இருக்காமேன்னு. 'எண்பத்தொண்ணுக்கு அது தாங்காது, அந்தப் பேச்சே எடுக்காதீங்க'ன்னார். இப்போ எடுப்பேன். ஐம்பதுக்குப் பேச்சு உண்டு. அவரை இங்க வரச் சொல்லு. நோயோட நான் சண்டை போடாம போகப்போறதில்ல. ஆனா எந்தக் கத்தியை எடுக்கறதுன்னு நான் பாத்து எடுப்பேன்."

நர்ஸ் பையை இறக்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். கொம்பு ஆடியது. லோரிமர் சுவரோரம் போய் நின்றார். இல்மா ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். மன்னிப்பில்லை, ஓடி வந்ததற்குக் கூலி.

நெரிடா தங்கையின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் தீரவில்லை. ஆனாலும் விடவில்லை.

"ஐம்பதுன்னு கேட்டதும் என்னடி பண்ணின?"

"ஒண்ணும் ஓடல" என்றாள் எல்ஸ்பெத். "கூடன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். குறைவுன்னா தெருவுல ஓடி வந்து சொல்லியிருப்பேன். ஐம்பதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? டாக்டர் வெளியூர்ல இருந்தார். உன்கிட்ட சொன்னா வேண்டாம்னுடுவ. ஆபீஸ்ல ஆளில்ல. அப்பா ஒவ்வொரு அன்ஸாக் தினத்துக்கும், அதான் போர் நினைவு நாளுக்கு, காசு சுண்டிப் பந்தயம் வைப்பாரே... அது மாதிரி நானும் ஒண்ணு எடுத்துச் சுண்டிட்டேன். தலை விழுந்தா மருந்து. பூ விழுந்தா வேண்டாம், உன்கிட்ட சொல்லிடறதுன்னு."

"என்ன விழுந்தது?"

எல்ஸ்பெத் கைப்பையின் வாரை முறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள்.

"மூணு தடவை சுண்டினேன்க்கா" என்றாள். "மூணு தடவையும் பூ."